ஜப்பான் இழைப்புளி: கருவிக்கும் அதை அனுப்பிய விதத்துக்கும் சேர்த்து ஒரு மதிப்புரை

ஜப்பானில் கைக்கருவிகள் மட்டுமே விற்கும் ஒரு கடையில் 70 மில்லிமீட்டர் வெட்டும் அலகுள்ள இழைப்புளி ஒன்று, அதற்கு மாற்றாக ஒரு மர உடல், மூன்று உளிகள், 1000, 6000 நுண்மைத் தரத்தில் இரண்டு தண்ணீர்ச் சாணைக்கற்கள் வாங்கினேன். கருவிகள் அருமை. அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். ஆனால் முதல் பாராட்டு, பெட்டியின் மேல் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்த இன்வாய்ஸுக்கு. வெளிநாட்டில் கருவி வாங்கும் நாம் எஃகைப் பற்றி மணிக்கணக்கில் படிக்கிறோம். கடைக்காரர் சுங்கத்துக்கு என்ன எழுதி அனுப்புவார் என்று கேட்பதில்லை. பெட்டி நிற்பதும் நகர்வதும் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

இந்தக் கடை ஒவ்வொரு பொருளையும் தனி வரியில் எழுதியிருந்தது: பெயர், எதற்குப் பயன்படுவது, எதனால் ஆனது, எந்த நாட்டில் செய்தது, எத்தனை, என்ன விலை, கடைசியில் எச்.எஸ். எண், அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் குறியீடு. இழைப்புளிக்கும் உளிகளுக்கும் 8205.30. சாணைக்கற்களுக்கு 6804.30. எனக்கு மிகவும் பிடித்தது மாற்று உடலுக்கு எழுதியிருந்த எண்தான்: 4417. இழைப்புளியின் உடல் முழுக்க ஓக் மரம் என்றாலும், வெட்டும் அலகு எஃகு என்பதால் கருவி முழுவதும் அந்தச் சுங்கப் பட்டியலின் 82ஆம் அத்தியாயத்தில் சேரும். அதே உடலை அலகில்லாமல் தனியாக விற்றால் அது மரப்பொருள். 44ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். வரி விகிதமும் மாறலாம், தாவரப் பாதுகாப்புத் துறையின் பார்வையும் விழலாம். இந்த வித்தியாசம் தெரிந்து எண் போடுகிற கடை, தினமும் ஏற்றுமதி செய்து பழகிய கடை.

இந்த எண்களை வகுப்பது உலகச் சுங்க அமைப்பு. 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் இதைப் பின்பற்றும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொது. அதற்குமேல் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தானே சேர்த்துக்கொள்கிறது. அதனால் ஆறு இலக்கம் கையில் இருந்தால், பணம் கட்டும் முன்பே உங்கள் நாட்டின் வரி அட்டவணையில் டூட்டி எவ்வளவு என்று பார்த்துவிடலாம். நான் அப்படித்தான் பார்த்தேன். வந்த பில்லும் நான் போட்ட கணக்கும் ஒத்துப்போயின.

முன்பு வேறொரு கடையிலிருந்து வாங்கியபோது கதை வேறு. பெட்டி மேல் 'கத்திகள், மரவேலைக்கு' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்தவை உளிகள். கத்தி என்ற சொல்லைப் பார்த்ததும் அதிகாரி நிறுத்தி வைத்தார்; அதில் அவர் மேல் தவறே இல்லை. விளக்கக் கடிதம், கடையின் பொருள் பக்கம், பணம் கட்டிய ரசீது என்று ஒவ்வொன்றாக அனுப்பி மீட்பதற்குள் கூரியர்காரர்களின் கிடங்கு வாடகையும் ஏறிவிட்டது. உளி என்று ஒரு சொல் சரியாக எழுதியிருந்தால் இத்தனையும் இல்லை. அதே கடை 'கிஃப்ட் என்று போட்டு விலையைக் குறைத்து எழுதட்டுமா' என்றும் கேட்டது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அது பொய்க் கணக்கு. பிடிபட்டால் அபராதம் வாங்குகிறவர் தலையில்தான் விழும். பெட்டி தொலைந்துபோனாலும் காப்பீடு எழுதிய விலைக்கு மேல் ஒரு காசு தராது. இப்படிக் கேட்கிற கடையை விட்டு விலகிவிடுங்கள்.

வரிக் கணக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல நாடுகள் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் வரி போடுகின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் அனுப்பும் செலவைச் சேர்ப்பதில்லை. சேர்க்கிற நாட்டில் இருந்தால், கனமான பொருளை விமானத்தில் வரவழைப்பது இரட்டைச் செலவு: கூரியருக்கும் கொடுக்கிறோம், அந்தக் கூரியர் செலவுக்கு வரியும் கொடுக்கிறோம். சாணைக்கற்கள் விஷயத்தில் இதுதான் நடந்தது. நல்ல கற்கள்தான், 6000 கல்லில் தேய்த்த அலகில் முகம் தெரிகிறது. இருந்தாலும் சாணைக்கல்லை அருகிலேயே கிடைத்தால் அங்கே வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். இழைப்புளி வேறு. அந்தத் தரத்தில் அது பிறந்த இடத்தில்தான் கிடைக்கும்.

கூரியர் நிறுவனம் வரியை நமக்காக முன்கூட்டிச் செலுத்திவிட்டு, அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கும். வரியைவிட அந்தக் கட்டணமே பெரிதாக இருக்கும் சமயங்களும் உண்டு. சிறிய பொருளுக்குத் தபால் மேல். தபாலில் சிஎன்22, சிஎன்23 என்று இரண்டு சுங்கப் படிவங்கள். சிறியது குறைந்த மதிப்புக்கு, பெரியது அதிக மதிப்புக்கு. பெரியதில் இடம் தாராளம் என்பதால் விவரமாக எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

இனி கருவி. அலகு இரண்டு உலோகங்களை உலையில் காய்ச்சி அடித்து ஒட்டியது: முதுகில் மென்மையான இரும்பு, வெட்டும் பக்கம் வெள்ளை எஃகு. ஷிமானே மாவட்டத்து யாசுகியில் செய்யும் இந்த எஃகில் கரியைத் தவிர வேறு கலவை அநேகமாக இல்லை. அதனால் சீக்கிரம் தீட்ட முடிகிறது, விளிம்பு மிக நுணுக்கமாக எழும்புகிறது. டங்ஸ்டனும் குரோமியமும் சேர்த்த நீல எஃகு இதைவிட நேரம் கூர் தாங்கும். தீட்ட அதிகம் உழைக்க வேண்டும். இழைத்து முடிக்கிற கடைசிச் சீவலுக்கு நான் வெள்ளையையே எடுப்பேன். தேக்கில் ஓட்டினால் சீவல் காற்றில் மிதக்கும் அளவுக்கு மெல்லியதாக வருகிறது. இழைத்த முகத்தில் உப்புத்தாள் போடவே மனம் வரவில்லை. தன் பக்கம் இழுத்து ஓட்டும் இழைப்புளி என்பதால், தள்ளிப் பழகிய தோளுக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

கடை செய்த மிகச் சிறந்த காரியம், அலகை உடலிலிருந்து கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்பியது. ஓக் உடல் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அலகோ அசையாது. ஈரமான ஊரில் இறுக்கிய அலகோடு புறப்பட்டு வறண்ட ஊரில் இறங்கினால் உடல் அலகை நெருக்கி, பக்கச் சுவரில் விரிசல் விட்டுவிடும். அலகைத் துரு தடுக்கும் தாளில் சுற்றி எண்ணெய் பூசியிருந்தார்கள். வெள்ளை எஃகு கைவியர்வைக்கே துருப்பிடிக்கும். இது வந்தபோது ஒரு புள்ளிகூட இல்லை. வந்த உடனே அலகைத் தட்டி ஏற்றாதீர்கள். உடலைப் பட்டறைக் காற்றில் நன்றாக ஆற விட்டு, பிறகு அலகு உட்காரும் பள்ளத்தைச் சுரண்டிப் பொருத்துங்கள்.

பெட்டி அட்டையால் ஆனது, உள்ளே ஒட்டுப்பலகைத் தடுப்பு. இதிலும் அக்கறை தெரிகிறது. கெட்டி மரச்சட்டத்தில் கட்டி அனுப்பினால் மரப் பொதிகளில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15 வரும்: மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும், அல்லது அந்த விதி ஏற்கும் வேறு முறையில் பூச்சி நீக்க வேண்டும், கோதுமைக் கதிர் முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத சட்டத்தைத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஒட்டுப்பலகைக்கும் 6 மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய மரத்துக்கும் இந்த விதி இல்லை. பெரிய ரம்பம், நீள இழைப்புளி வாங்குகிறவர்கள் எதில் கட்டி அனுப்புவீர்கள் என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

உளிகளுக்கு ஈட்டி மரப் பிடி வேண்டுமா என்று கடை கேட்டது. சிவப்பு ஓக் பிடியே போதும் என்றேன். ஈட்டி வகை மரங்கள், அதாவது டல்பெர்ஜியா இனம் முழுவதும், 2017 ஜனவரி முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. செய்து முடித்த பொருளுக்கு, ஒரு பார்சலில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருந்தால், 2019இல் தளர்வு கொடுத்தார்கள். பிடி செய்யக் கட்டையாக வாங்கினால் அனுமதிச் சீட்டு வேண்டும். பிரேசில் ஈட்டிக்குத் தளர்வே கிடையாது; 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய கருவிகளின் பிடிகளில் அந்த மரம் அடிக்கடி வரும், வாங்கும் முன் மரத்தின் பெயரைக் கேளுங்கள். பாலிஷ் வகையில் ஷெல்லாக்கை, அதாவது அரக்கு மெருகை, செதிலாக மட்டுமே வரவழையுங்கள். சாராயத்தில் கரைத்த ஷெல்லாக் தீப்பற்றும் திரவம். சர்வதேசத் தபாலில் அனுப்பக் கூடாது.

குறை என்று பார்த்தால், உடலைப் பொருத்தும் முறையைச் சொல்லும் ஒரு துண்டுத்தாளாவது வைத்திருக்கலாம். முதல் முறை வாங்குகிறவர் அலகை அப்படியே அடித்து ஏற்றி உடலைப் பிளந்துவிடுவார். கடைக்கு இதை எழுதியிருக்கிறேன். அடுத்து அதே கடையில் அகல உளி ஒன்று வாங்கப்போகிறேன்; இந்த முறை கல் சேர்க்காமல், தபாலில்.