நகமா, சதையா, தம்ப் பிக்கா? ஸ்டீல் கம்பி கிட்டாரில் என் அனுபவம்

நான் வாசிப்பது ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டார், 12 கேஜ் செட் (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்). வெறும் விரல், சொந்த நகம், அக்ரிலிக் நகம், தம்ப் பிக் (கட்டை விரலில் மோதிரம் மாதிரி மாட்டி மீட்டும் பிக்) என எல்லாவற்றையும் மாதக்கணக்கில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தத்தை மட்டும் பார்த்தால் நகத்தை மிஞ்ச எதுவும் இல்லை. முதல் கம்பியில் மெலடி தனியாக எழுந்து வரும். ஆனால் நைலான் கம்பிக்காரர்கள் நகத்தைப் பற்றிச் சொல்வதை ஸ்டீலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 12 கேஜ் செட்டில் மூன்றாவது கம்பியும் சுற்றுக் கம்பிதான், அதாவது மேலே மெல்லிய கம்பி சுற்றியது. அரம் மாதிரி தேய்க்கும். அதை மீட்டும் ஆள்காட்டி விரல் நகம்தான் முதலில் போகிறது: கம்பி நகத்தை விட்டு விலகும் ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளம் விழும், அப்புறம் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு ‘டிக்’. கண்ணாடி அரத்தால் தேய்த்து, நைசான உப்புத்தாளால் ஓரத்தை வழவழப்பாக்கினால் சரியாகும். ஆனால் வாரம் முழுக்க இதே வேலைதான். பாத்திரம் தேய்க்கிற கைக்கு இது கட்டுப்படியாகாது.

அக்ரிலிக் உறுதியானது, சத்தமும் கணீரென்று இருக்கும். கழற்றும்போதுதான் வினை. அடியில் இருக்கும் நகம் மெலிந்து தொட்டாலே வளையும். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆகும். திரும்ப அந்தப் பக்கம் போக மாட்டேன்.

நகமா சதையா என்ற சண்டை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கிட்டார் கலைஞர் பெர்னாண்டோ சோர் நகமில்லாமல் வாசித்தார், அவருடைய நண்பர் தியோனிசியோ அகுவாதோ நகத்தோடு வாசித்தார். இரண்டு பேரும் சேர்ந்தே வாசித்திருக்கிறார்கள், எனவே நாமும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

என் விஷயத்தில் முடிவைச் சொன்னது கட்டை விரல்தான். தடித்த பேஸ் கம்பிகளில் கட்டை விரல் மாறி மாறித் தாளம் போடும் டிராவிஸ் பாணிப் பாட்டுகளுக்குத் தம்ப் பிக் இல்லாமல் எனக்கு அந்தத் துள்ளல் வரவில்லை. அந்தப் பாணிக்குப் பெயர் தந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் தம்ப் பிக்குடன் பெரும்பாலும் ஆள்காட்டி விரலை மட்டுமே பயன்படுத்தினார். அவரை ரேடியோவில் கேட்டுப் பழகிய இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் கூடுதல் விரல்களையும் சேர்த்துக்கொண்டார். பிக்கில் ஒரு தொல்லை: பேஸ் முன்னால் வந்து மெலடியை அமுக்கிவிடும். உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் (கிட்டார் உடல்மேல் கம்பிகள் முடியும் கட்டை) மேல் லேசாக வைத்து பேஸ் கம்பிகளை மட்டும் அடக்கினால் சமன்படும். இது கைக்குப் படியத்தான் எனக்கு அதிக காலம் ஆனது.

மெதுவான ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) பாட்டுகளுக்குப் பிக்கைக் கழற்றி வைத்துவிடுவேன். விரல் நுனிச் சதையோடு மயிரிழை நகம், அவ்வளவுதான். சதை முதலில் கம்பியைப் பிடிக்க, நகம் கடைசியில் விடும். சத்தம் நகம் அளவு பளிச்சென்று இருக்காது, ஆனால் உருண்டையாக இருக்கும், நகம் உடைந்தாலும் கச்சேரி நிற்காது.

தம்ப் பிக் வாங்குகிறவர்கள் ஒரே அளவில் நாலு வாங்காமல் வேறு வேறு அளவில் வாங்குங்கள். தளர்வானது வியர்வையில் சுழலும், இறுக்கமானது விரலை மரக்க வைக்கும். பிளாஸ்டிக் பிக் சற்றே இறுக்கினால், வெந்நீரில் கொஞ்சம் முக்கி, இளகியதும் விரித்துவிடலாம்.