ஆர்கோ மில்லா, மத்த தங்கச் சுரங்கமா? கொலராடோ வர்றவங்க எதுக்கு டிக்கெட் போடலாம்

டென்வர் பக்கம் சொந்தக்காரங்க வந்தா ரெட் ராக்ஸ், ராக்கி மலை எல்லாம் முடிச்சிட்டு அடுத்து கேக்குறது தங்கச் சுரங்கத்தைத்தான். கூகிள்ல தேடினா நாலு இடத்தோட பேரு மாத்தி மாத்தி வரும்: ஐடஹோ ஸ்பிரிங்ஸ்ல ஆர்கோ மில்லு, அதே ஊர்ல ஃபீனிக்ஸ், ப்ரெக்கன்ரிட்ஜ்ல கன்ட்ரி பாய், கிரிப்பிள் கிரீக்ல மாலி கேத்லீன். நாலுக்கும் ரிவ்யூ நல்லாத்தான் இருக்கும், அதனால ஸ்டார் எண்ணி பிரயோஜனம் இல்ல. உங்களுக்கு கல்லு தோண்டின இடத்த பாக்கணுமா, இல்ல அந்தக் கல்லுல இருந்து தங்கத்த பிரிச்சு எடுத்த இடத்த பாக்கணுமா, அத மட்டும் முதல்ல முடிவு பண்ணுங்க. ஏன்னா ரெண்டாவது வேணும்னா ஆர்கோ ஒண்ணுதான், மத்த மூணும் குகைக்குள்ள கூட்டிட்டுப் போயி காட்டுற டூரு.

என் ஓட்டு ஆர்கோவுக்கு. டென்வர்ல இருந்து ஐ-70ல மேற்கால ஒரு 30 மைல் போனா ரோட்டுல இருந்தே தெரியும், மலைச்சரிவ ஒட்டி படிப்படியா இறங்குற செவப்புக் கட்டடம். அப்படிக் கட்டினது அழகுக்கு இல்ல, கல்ல மேல போட்டா தன் எடையிலயே ஒவ்வொரு தளமா கீழ இறங்கணும், மேல நொறுக்கு, அடுத்து அரைப்பு, அப்புறம் தண்ணியோட ஆடுற மேசையில பிரிப்பு, தங்கத்த ஒட்டிப் பிடிக்க பாதரசம், கரைச்சு எடுக்க சயனைடுன்னு ஒவ்வொண்ணா முடிச்சு வரணும், பம்பு கரண்ட் எல்லாம் மிச்சம். டூர்லயும் முதல்ல மேல கூட்டிட்டுப் போயிட்டு அங்கிருந்து கட்டடத்துக்குள்ளயே இறங்க விடுறாங்க, அதனால கல்லு போன அதே வழியில நீங்களும் போறீங்க. ஒரு டன் கல்லுல ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம் கிடைச்சாலே அது நல்ல சுரங்கம். மிச்சம் அத்தனையும் குப்பை. அந்த 31 கிராமுக்கு எவ்ளோ பெரிய மிஷின், எத்தன தளம்னு நேர்ல பாத்தாதான் தங்கம் ஏன் இந்த விலைன்னு புரியும், வெறும் குகைய பாத்தா அது புரியாது.

இந்த இடத்தோட முழுப் பேரு ஆர்கோ மில் அண்ட் டனல், அந்த டனலு கதை இன்னும் பெருசு. 1893ல தோண்ட ஆரம்பிச்சு 1910ல முடிச்சாங்க, 4 மைலுக்கு மேல, அப்ப அதுக்கு நியூஹவுஸ் டனல்னு பேரு. மலைக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல் சிட்டியில மேல இருந்து கீழ குழி தோண்டிக்கிட்டே போனவங்களுக்கு ரெண்டு தலைவலி, ஊறுற தண்ணிய மேல இறைக்கணும், கல்லையும் மேல தூக்கணும். அடியில ஒரு டனல் போட்டு அந்த சுரங்கங்களோட சேத்து விட்டா தண்ணி தானா வடியும், கல்லு தண்டவாளத்துல உருண்டு நேரா மில்லுக்கு வந்துரும். அருமையான யோசனைதான். ஆனா 1943 ஜனவரியில உள்ள வெடி வெச்சப்ப பழைய சுரங்கம் ஒண்ணுல தேங்கிக் கிடந்த தண்ணி உடைச்சிக்கிட்டு வந்துருச்சு, 4 தொழிலாளிங்க செத்துப் போனாங்க. அதுக்கு சில மாசம் முன்னாடி, 1942 அக்டோபர்லயே, போர் நேரத்துல தங்கம் அவசியமில்லன்னு அமெரிக்க அரசு தங்கச் சுரங்கங்கள நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டிருந்தது, விலையும் அவுன்ஸுக்கு 35 டாலர்னு கட்டி வெச்சிருந்தாங்க. அதோட சரி, மறுபடி ஓடவே இல்ல.

தண்ணி மட்டும் இன்னிக்கும் ஓடுது. கல்லுல இருக்குற பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேந்த கனிமம், தண்ணியும் காத்தும் பட்டா கந்தக அமிலமாகும், அது இரும்பு, துத்தநாகம், செம்புன்னு கரைச்சு ஆரஞ்சு கலர்ல வெளிய வரும். அது அப்படியே கிளியர் கிரீக் ஆத்துல கலந்துக்கிட்டு இருந்தது, 1983ல அந்த ஏரியாவ சூப்பர்ஃபண்ட் லிஸ்ட்ல, அதாவது ரொம்ப மாசுபட்ட இடங்கள சுத்தம் பண்ற அமெரிக்க அரசு லிஸ்ட்ல, சேத்தாங்க, 1998ல இருந்து சுத்திகரிப்பு நிலையம் ஓடுது. மில்லுக்குப் பக்கத்துலயே இருக்கு, கைடு சொல்லலன்னா நீங்களே கேளுங்க, மொத்த டூர்லயும் எனக்கு முக்கியமா பட்டது இதுதான்.

இந்த இடத்துல கோலார் ஞாபகம் வராம இருக்காது. வட ஆற்காடு பக்கமிருந்து போன நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா இறங்கின சுரங்கம், 3 கிலோமீட்டருக்கும் கீழ போனது, 2001 பிப்ரவரியில மூடிட்டாங்க. 1887ல கண்டுபிடிச்ச அந்த சயனைடு முறையிலதான் அங்கயும் தங்கம் பிரிச்சாங்க, அந்தக் கழிவுதான் இன்னிக்கும் சயனைடு மலையா ஊருக்குள்ள நிக்குது, காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ள வரும். கோலார் குடும்பத்துக்காரங்க யாராச்சும் உங்களோட வந்தா ஆர்கோவுக்கே கூட்டிட்டுப் போங்க, கைடவிட அவங்க நிறைய சொல்லுவாங்க.

சரி, ஆர்கோவுல குறை என்னன்னா, அந்த 4 மைல் டனலுக்குள்ள போக முடியாது. பேர்ல டனல்னு இருக்கேன்னு நம்பி வர்றவங்க இதுலதான் கடுப்பாவாங்க. வாய்ப் பக்கம் பாக்கலாம், மத்தபடி மேல டபுள் ஈகிள்னு ஒரு சின்ன கையால தோண்டின சுரங்கம் இருக்கு, கொஞ்ச தூரம் உள்ள போயிட்டு திரும்பிரலாம். அப்புறம் இறங்குறது பூரா படிக்கட்டு, முட்டி வலி இருக்குற பெரியவங்களுக்குக் கஷ்டம்.

குகைதான் வேணும்னா அதே ஊர்ல ஃபீனிக்ஸ். சின்ன இடம், மண் ரோடு, பகட்டு ஒண்ணும் கிடையாது, தங்க ரேகை செவத்துல ஓடுறத கிட்ட நின்னு பாக்கலாம். கூட்டிட்டுப் போறவர் நல்லா பேசுறவரா அமைஞ்சா மணிக்கணக்கா கேக்கலாம், இல்லன்னா சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருக்கும். மில்லு கில்லு எதிர்பாக்காதீங்க.

கன்ட்ரி பாய் பசங்களுக்கானது. 1887ல தொடங்கின சுரங்கம், ஆயிரம் அடிக்கு மேல உள்ள கூட்டிட்டுப் போறாங்க, ஹெல்மெட் போட்டுக்கிட்டு சமமா நடக்குறதுதான், படி ஏறி இறங்குற வேலை இல்ல. தங்கத்துல ஆரம்பிச்சு முதல் உலகப்போர் சமயத்துல ஈயமும் துத்தநாகமும் எடுத்த இடம், அந்தக் கதைய நல்லா சொல்றாங்க. ஆனா ப்ரெக்கன்ரிட்ஜ் ஊரே 9,600 அடி, சுரங்கம் அதுக்கும் மேல. ஊர்ல இருந்து வந்து எறங்குன மறுநாளே அப்பா அம்மாவ அங்க ஏத்தாதீங்க, தலைவலி மூச்சு வாங்குறதுன்னு பாதியில திரும்ப வேண்டி வரும், ரெண்டு மூணு நாள் டென்வர்ல இருந்துட்டு போங்க. ஐடஹோ ஸ்பிரிங்ஸ் 7,500 அடிதான், அது பரவால்ல.

மாலி கேத்லீன் பத்தி யோசிச்சுதான் எழுதுறேன். லிஃப்ட்ல நேரா ஆயிரம் அடி கீழ இறக்குவாங்க, மத்த மூணும் மலைக்குள்ள படுக்க வாட்டுல போறது, இது ஒண்ணுதான் செங்குத்து, சுரங்கத் தொழிலாளி தினம் இறங்கினது எப்படின்னு உடம்புக்கே தெரியற மாதிரி இருக்கும்ங்கறதுல சந்தேகமே இல்ல. ஆனா 2024 அக்டோபர்ல லிஃப்ட் இறங்குறப்ப கோளாறாகி கைடு ஒருத்தர் இறந்துட்டார், கீழ 12 பேர் மணிக்கணக்கா மாட்டிக்கிட்டு அப்புறம்தான் மேல வந்தாங்க. பழைய ரிவ்யூவ பாத்து கிரிப்பிள் கிரீக் வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, டூர் நடக்குதான்னு உறுதி பண்ணிட்டு கிளம்புங்க, அதுவும் டென்வர்ல இருந்து தெற்குப் பக்கம், முழு நாள் போயிரும்.

பேனிங், அதாவது தட்டுல மணலும் தண்ணியும் போட்டு ஆட்டி தங்கம் தேடுறது, பெரும்பாலும் எல்லா இடத்துலயும் உண்டு, அத வெச்சு இடத்த முடிவு பண்ண வேண்டாம். தங்கம் சாதாரண மணலவிட ஏழு மடங்கு கிட்ட கனம், அதனால தட்ட ஆட்ட ஆட்ட மணல் வெளிய போகும் அது அடியில நிக்கும். முறத்துல அரிசி புடைச்ச கைக்கு இது உடனே வந்துரும், அம்மாங்க கிட்ட தட்ட குடுத்துட்டு நீங்க ஃபோட்டோ எடுங்க. கிடைக்கிறது கண்ணுக்கு தெரியற அளவு தூள்தான், பசங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருங்க.

ஜூலை வெயில்லயும் குகைக்குள்ள ஃபிரிட்ஜ விட கொஞ்சம்தான் சூடு, ஆளுக்கு ஒரு ஜாக்கெட், மூடின ஷூ, புடவை கட்டினவங்களுக்கு ஆர்கோ படிக்கட்டு சரிப்படாது. ப்ரெக்கன்ரிட்ஜ் போற வழியிலதான் ஐடஹோ ஸ்பிரிங்ஸ், ரெண்டும் வேணும்னா காலையில முதல் டூர் ஆர்கோ, மத்தியானம் கன்ட்ரி பாய்னு வெச்சுக்கலாம், ஆனா ஞாயித்துக்கிழம மட்டும் வேண்டாம், சாயங்காலம் மலையில இருந்து டென்வர் திரும்புற வண்டி பூரா ஐ-70லதான் நிக்கும்.