தீம்கள் போயின, தடித்த ஸ்க்ரோல் பார் தங்கியது: கடை கம்ப்யூட்டரில் எக்ஸ்எஃப்சிஇ

கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் டைப்பிங் கடையில், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸான ஸுபுண்டு 20.04 போட்டேன், இப்போது ஓடுவது 24.04. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல, கேரளப் பள்ளிகளில் ஐடி பாடமே அதில்தான். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, பிரின்ட் கொடுக்கும் முன் பெயரைச் சரிபார்ப்பவர்கள் அவர்களுடைய தாத்தா பாட்டிகள். "எழுத்து ஏன் தம்பி இத்தனை பொடிசா இருக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

அதற்கு வழி தீம் அல்ல, டிபிஐ, அதாவது திரையில் எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண். தோற்ற அமைப்பில் ஃபான்ட் பகுதிக்குப் போய் 96-ஐ 110 ஆக்கினேன். மெனு, பேனல், டயலாக் எல்லாவற்றிலும் எழுத்து ஒரேயடியாகப் பெருத்தது. 'ரி' எது, 'ரீ' எது என்று தமிழில் தெரிகிறது, மலையாளக் கூட்டெழுத்தும் பிசிறவில்லை.

அடுத்தது ஸ்க்ரோல் பார். மவுஸ் பட்டால்தான் தலைகாட்டும் அந்த மெல்லிய கோட்டைப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள், விண்டோ, பட்டன்களை வரையும் ஜிடிகே 3-க்கான சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) ஃபைலில் அகலத்தை 14 பிக்ஸல் என்று ஒரு வரி எழுதினேன். ஃபைல் மேனேஜரும் டெக்ஸ்ட் எடிட்டரும் கேட்டுக்கொண்டன. ஃபயர்ஃபாக்ஸ் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அதன் செட்டிங்ஸிலேயே ஸ்க்ரோல் பாரை எப்போதும் காட்டச் சொல்லி டிக் போட வேண்டும்.

தீம்களை நான் மாற்றாத மாதம் இல்லை. பாதிக்கு மேல் விளிம்பு ஒரு பிக்ஸல்தான். அதைப் பிடித்து இழுத்து விண்டோவின் அளவை மாற்றவே முடியாது. ஆல்ட் அழுத்தி வலது பட்டனால் இழுக்கலாம் என்று தெரிந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்காக, அதன் லிப்அத்வைதா நிரல் தொகுப்பில் எழுதிய புதிய ஆப்கள் நாம் எந்தத் தீம் போட்டாலும் ஏற்பதில்லை, அவற்றின் வடிவமைப்பே அப்படி. கால்குலேட்டர் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஸுபுண்டுவோடு வரும் க்ரேபேர்டு தீமுக்கே திரும்பிவிட்டேன். டார்க் தீம் கடைக்கு ஆகாது. தெரு வெளிச்சத்தில் திரை கண்ணாடியாகிவிடும். பாப்பிரஸ் ஐகான்கள் மட்டும் அப்கிரேடு தாண்டியும் அப்படியே இருக்கின்றன.

இரண்டாவது மெஷின் வாங்கியபோது கான்ஃபிக்கிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ4, ஜிடிகே ஃபோல்டர்களை மட்டும் காப்பி செய்தேன், அதே முகம் வந்துவிட்டது. காப்பி செய்யும்போது லாக் அவுட் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அமைப்புகளைச் சேமித்து வைக்க ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற நிரல் பழைய அமைப்பையே மேலே எழுதிவிடும்.