ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்: அந்தக் கடைசி ஒரு நிமிஷம்

ஆஃபரில் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. துவைப்பதில் குறையே இல்லை. காலர் அழுக்கு போகிறது, துணி நைவதில்லை, டாப் லோடு அளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் டிஸ்ப்ளேயில் ஓடும் நிமிஷக் கணக்கை நம்பாதீர்கள். '1' என்று காட்டிவிட்டுப் பத்து நிமிஷம் அப்படியே நிற்கும். கதவும் திறக்காது.

எல்லாம் ஸ்பின் செய்யும் வேலை. ஆயிரம் சுற்றைத் தொடுவதற்கு முன்னால், துணி ஒரே பக்கம் குவிந்திருக்கிறதா என்று டிரம்மை மெதுவாகச் சுற்றிப் பார்க்கும். குவிந்திருந்தால் நிறுத்தும், இரண்டு பக்கமும் உருட்டும், திரும்ப முயலும். இந்த நேரமெல்லாம் முதலில் காட்டிய கணக்கில் வராது.

ஒற்றை டர்க்கி டவலையோ பாத்ரூம் மேட்டையோ தனியாகப் போட்டால் நிச்சயம் இந்தக் கூத்துதான். கூடவே நாலைந்து சட்டை போடுங்கள், அடங்கிவிடும். தலையணை உறை, மெத்தை உறைகளின் ஜிப்பை மூடிவிட்டுப் போடவும். திறந்திருந்தால் ஜட்டி, பனியன் எல்லாம் உள்ளே புகுந்து ஈரப் பந்தாகிவிடும். லிக்விட் அதிகமானாலும் தாமதம்தான், நுரை அடங்கும்வரை மெஷின் தானாகவே கூடுதலாக அலசும். கையால் துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம்.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொரு தொல்லை. பின்னால் ஹோஸ் சேரும் இடத்தில் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். உப்பும் மண்ணும் அதை அடைத்தால் தண்ணீர் நூலாக இறங்கும். குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வலையைக் குறடால் இழுத்து, வினிகரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். தொட்டி மட்டமும் முக்கியம். 1 மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 0.1 பார் அழுத்தம். கையேட்டில் 0.5 பார் என்றிருந்தால் தொட்டி 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். மேல்மாடி வீட்டில் அது நடக்காது, பிரஷர் பம்ப் செலவு தனி.

இத்தனையும் சரியாக இருந்தும் ஸ்பின்னில் தடதடவென்று ஆடினால், டிரம்மைக் கீழே அழுத்தி விடுங்கள். சட்டென்று நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை குதித்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. புது மெஷின் அப்படி ஆடினால், ஏற்றி வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் பூட்டியிருக்கும் டிரான்ஸிட் போல்ட்டைக் கழற்றாமலே மாட்டியிருப்பார்கள்.

காலையில் துணியைப் போட்டு, காயவைத்துவிட்டு ஆபீஸ் கிளம்புகிறவர்கள் டாப் லோடே வாங்கிக்கொள்ளுங்கள்.