சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஹெட்போன் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் படிச்சிட்டுப் போங்க

கடை பேரு போடல, கமெண்ட்ல கேக்காதீங்க. பில்லுன்னு சொல்லிக்க கையில ஒண்ணும் இல்ல, பேர் போட்டா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும். எப்படி ஏமாந்தேன்னு மட்டும் சொல்றேன்.

எனக்குப் பாட்டு ஒரே ரகம் கிடையாது. காலைல நாதஸ்வரம் தவில், ட்ரெயின்ல கானா, நைட்டு எல்லாரும் படுத்தப்புறம் எண்பதுகள் பாட்டு, மூடு சரியில்லன்னா ஹெவி மெட்டல் ராக். ஓப்பன்-பேக், அதாவது கப்போட பின்பக்கம் திறந்திருக்கிற ஹெட்போன், நம்ம வீட்டுக்கு ஒத்துவராது, மிக்ஸி சத்தம் உள்ள வரும், நம்ம மெட்டல் பக்கத்துல தூங்குறவங்களுக்குப் போகும், அப்புறம் யாரும் தூங்க மாட்டாங்க. அதனால பின்பக்கம் மூடின க்ளோஸ்டு-பேக்குதான், பட்ஜெட் 6000, ஒரு மாசம் படிச்சுப் படிச்சு ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ்ன்னு முடிவு பண்ணிட்டேன். உள்ள 40 மில்லிமீட்டர் டிரைவர் (சத்தம் போடுற குட்டி ஸ்பீக்கர்), 47 ஓம், ஒயரை ஃபோன்ல சொருக டைப்-சி டாங்கிள் ஒண்ணு இருந்தா ஃபோனே ஓட்டிடும், சத்தத்தைக் கூட்ட தனியா ஆம்ப் வேணாம். கழட்ட முடியாத 3 மீட்டர் ஒயர்தான் ஒரே இம்சை, பரவால்லன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஆன்லைன்ல போட்டிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. போட்டுப் பாத்து வாங்கலாமேன்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

எம்20எக்ஸ் கேட்டதும் கடைப் பையன் ஒரு மாதிரி சிரிச்சான். "சார், அது சின்ன மாடல். இன்னும் கொஞ்சம் போட்டா அண்ணன் மாடலே தரேன்"னு உள்ள போயி எம்50எக்ஸ் டப்பாவை எடுத்துட்டு வந்தான். ஆன்லைன்ல அதோட விலை நம்ம பட்ஜெட்டுக்கு ரெண்டு மடங்கு. இவன் 5800 சொல்றான். எப்படிப்பா இவ்ளோ கம்மின்னு கேட்டேன், "2014-ல வந்த மாடல் சார், பழைய ஸ்டாக், க்ளியர் பண்றோம்"னான். வருஷம் கரெக்டா சொன்னான் பாருங்க, அதுல விழுந்துட்டேன், இவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்குன்னு.

டப்பாவுல சீல் இல்ல. எம்50எக்ஸ்ல மூணு ஒயர் வரும், சுருள் ஒயர் ஒண்ணு, 3 மீட்டர் ஒண்ணு, 1.2 மீட்டர் ஒண்ணு. இதுல ரெண்டுதான். கேட்டா "இந்தியா பீஸுக்கு ரெண்டுதான் சார்". வெளிநாட்டுலருந்து வர்ற சாமான்னா இறக்குமதி பண்ணினவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி, எந்த மாசம் எந்த வருஷம்னு ஒரு ஸ்டிக்கர் டப்பா மேல இருந்தே ஆகணும், அதுவும் இல்ல. மூணையும் கண்ணால பாத்தேன், ஆனா கை மட்டும் பர்சை நோக்கிப் போயிட்டு இருந்துச்சு, ஆசைன்னு வந்துட்டா புத்தி ஆபீஸுக்கு லீவு போட்டுடும். அங்கேயே காதுல மாட்டி அவன் ஃபோன்லருந்து ஒரு குத்துப் பாட்டு போட்டுக் காட்டினான், தெருவுல அந்த இரைச்சல்ல எது போட்டாலும் நல்லாதான் இருக்கும். யுபிஐ-ல அனுப்பினா யாரோ தனி ஆள் பேரு வருது, கடை பேரு இல்ல. பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு, மேல 'எஸ்டிமேட்'னு இருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, கீழ மட்டும் கொட்டை எழுத்துல 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'.

வீட்டுக்கு வந்து நைட்டு உக்காந்து கேட்டா தவில் எண்ணெய் டின்னைத் தட்டுற மாதிரி இருக்கு. கண்ணாடி போடுறவங்களுக்குத் தெரியும், காது கிட்ட அந்தக் காம்பு ஹெட்போன் பேடைத் தூக்கிடும், அந்த இடுக்குல காத்து போச்சுன்னா க்ளோஸ்டு-பேக்ல பேஸ், அதான் அடிச் சத்தம், காலி. அதுதான் போலன்னு கண்ணாடியக் கழட்டினேன், கையால ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாத்தேன், டின்னு டின்னாவேதான் இருக்கு. அதை விட பெரிய கூத்து, பாடுற குரல் தலைக்கு நடுவுல நிக்க மாட்டேங்குது, ரெண்டு காதுக்கும் வெளிய எங்கயோ கரைஞ்சு போகுது, பாடகர் பக்கத்து ரூம்ல நின்னு பாடுறாப்ல. ஒயரை மாட்டித் திருகினா டக்குன்னு லாக் ஆகணும், இது வழுவழுன்னு சுத்திக்கிட்டே இருக்கு.

அக்கா பையன் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், அவன்கிட்ட ஒரிஜினல் இருக்கு. எடுத்துட்டு வரச் சொன்னேன். சமையல்கட்டுத் தராசுல வெச்சா அவனோடது ஒயர் இல்லாம 285 கிராம், என்னோடது 240 சொச்சம். பேடைக் கழட்டி ஸ்க்ரூவை எடுத்து ஸ்கேல் வெச்சான், 45 மில்லிமீட்டர் டிரைவர் இருக்க வேண்டிய இடத்துல 40. "மாமா, ஒரு பக்கம் ப்ளஸ் மைனஸ் மாத்தி சால்டர் பண்ணியிருக்கானுங்க"ன்னு சிரிக்கிறான். அதாவது ஒரு ஸ்பீக்கர் முன்னாடி தள்றப்ப இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, ரெண்டு பக்கமும் சமமா வர வேண்டிய குரல் அதனாலதான் நடுவுல நிக்கல. எனக்கு சிரிப்பு வரல.

திங்கக்கிழமை பர்மிஷன் போட்டுட்டுக் கடைக்குப் போனேன். அந்தப் பையன் இல்ல, ஓனர்னு ஒருத்தர், "கேட்டுப் பாத்துதானே சார் எடுத்துட்டுப் போனீங்க, ஸ்க்ரூ வேற கழட்டியிருக்கீங்க"ன்னாரு. அந்த ஸ்க்ரூ விஷயத்துல அவர் சொன்னது வாஸ்தவம்தான், பிரிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போயிருக்கணும். சீட்டைக் காட்டினா அதுல கடை பேரே இல்லையேங்குறாரு, அவர் கொடுத்த சீட்டு!

1915-க்குப் போன் பண்ணேன், அது நுகர்வோர் ஹெல்ப்லைன், புகார் பதிஞ்சுக்கிட்டாங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி பழுதான பொருளை பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துக்கணும், மாட்டேன்னா அது முறையற்ற வணிகம். கொட்டை எழுத்துல என்ன அடிச்சிருந்தாலும் சரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் வரைக்கும் பொருளுக்கு ஃபீஸ் கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. ஆனா யார் மேல கேஸ் போடுறது? யுபிஐ-ல இருந்த அந்தத் தனி ஆள் பேரு ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் புகார் நம்பரையும் காட்டினதும் ஓனர் இறங்கி வந்து "பணம் கிடையாது, 2000-க்கு வேற ஏதாச்சும் எடுத்துக்கங்க"ன்னாரு. ஒரு ஸ்பைக் பஸ்டரும் ரெண்டு சார்ஜரும் எடுத்துட்டு வந்தேன். அந்த சார்ஜரும் ஒரிஜினல்தானான்னு இப்ப சந்தேகமா இருக்கு.

அந்தத் தெருவுல எல்லாரும் இப்படின்னு சொல்லல, ரெண்டு கடை தள்ளியே எம்20எக்ஸ் ஸ்டிக்கரோட, ஜிஎஸ்டி பில்லோட கிடைச்சுச்சு. இந்தத் தடவை காசு கொடுக்கறதுக்கு முன்னாடி என் ஃபோன்லருந்தே பழைய மோனோ ரெக்கார்டிங் ஒண்ணு, அதாவது ரெண்டு காதுலயும் ஒரே சத்தம் வர்றது, போட்டேன், குரல் நெத்திக்கு நடுவுல நச்சுன்னு நிக்குது. நீங்களும் இதைப் பண்ணுங்க, அரை நிமிஷ வேலை, ஸ்டிக்கரைக் கூட போலியா அடிச்சிடலாம், மட்டமான அசெம்பிளி இங்க மாட்டிக்கும்.

எம்20எக்ஸ் எப்படின்னு கேப்பீங்க. தவில், எண்பதுகள் பேஸ் கிட்டார், ரெண்டும் அருமை. மெட்டல்ல டபுள் பேஸ் டிரம் ஓடுறப்ப கொஞ்சம் குழம்பும். கானாவுக்கு இன்னும் அடி வேணும்னு தோணும், ஈக்வலைசர்ல ஏத்திக்கிறேன். மே மாசத்துல அந்த ரெக்சின் பேடுக்குள்ள காது வெந்துடும், அதுக்கு எந்த க்ளோஸ்டு-பேக்கும் விதிவிலக்கு இல்ல.

டூப்ளிகேட்டைத் தூக்கிப் போட மனசு வரல. அக்கா பையன் அஞ்சு நிமிஷத்துல உள்ள அந்த ப்ளஸ் மைனஸ் ஒயர் ரெண்டையும் மாத்தி சால்டர் வெச்சுக் கொடுத்தான், குரல் நடுவுக்கு வந்துடுச்சு. பொண்ணு அதைத்தான் ஆன்லைன் ட்யூஷனுக்குப் போட்டுக்கறா. தவில் மட்டும் இன்னும் எண்ணெய் டின்னுதான்.