பிஸ்கட் டப்பாவில் கிடந்த என் கையெழுத்து

திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பேருக்குப் பிரைவேட் லிமிடெட். டைரக்டர்கள் நானும் வீட்டம்மாவும்தான். வருடக் கணக்கை எம்சிஏவில், அதாவது மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஏற்ற டைரக்டரின் டிஎஸ்சி டோக்கன் வேண்டும்; டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை உள்ளே வைத்திருக்கும், பென்டிரைவ் மாதிரி இருக்கும் சாதனம். ஏஜென்ட் ஒருவர் இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். கொடுத்தார் என்பதுகூடத் தப்பு. "உங்ககிட்ட இருந்தா எங்கியாச்சும் தொலைஞ்சு போயிருமுங்கண்ணா, இங்கயே பத்திரமா இருக்கட்டும்" என்று அவரே வைத்துக்கொண்டார். சரி என்று தலையாட்டினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் கடைசி, போனஸ் பட்டுவாடா நேரம். ஆடிட்டர் வருடக் கணக்குக்கான ஏஓசி-4 படிவத்தைத் தயாராக வைத்துக்கொண்டு டோக்கன் கேட்டார். ஏஜென்ட் ஆபீசுக்குப் போனேன். இழுப்பறையிலிருந்து ஒரு தகர பிஸ்கட் டப்பா வந்தது. உள்ளே முப்பது நாற்பது டோக்கன்கள், ஒவ்வொன்றின் மேலும் பெயரும் பின் நம்பரும் எழுதிய ஸ்டிக்கர். பாதிக்கு மேல் 12345678. எனக்குப் பழக்கமான இரண்டு பனியன் கம்பெனிக்காரர்கள் பெயரும் கிடந்தது. 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்த டோக்கன் போடும் கையெழுத்து நாம் பேனாவில் போட்டதற்குச் சமம். செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு அந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்.

என்னுடையதைச் செருகினால் 'லாக்' என்றது. கடைப் பையன் வேறு யாருடைய பின்னையோ திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். "ஒரு நிமிசமுங்க, பார்மட் போட்டா சரியாயிரும்" என்று போட்டும் விட்டான். டோக்கன் திறந்தது, உள்ளே சான்றிதழைக் காணோம்.

பார்க்கத்தான் பென்டிரைவ் மாதிரி, இது பென்டிரைவ் கிடையாது. ரகசியச் சாவி டோக்கனின் சிப்புக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருக்கும், வெளியே எடுக்க வழியில்லை. டேலி கணக்கு மென்பொருளின் பேக்கப் மாதிரி இன்னொரு காப்பி எங்கும் இருக்காது. அட்மின் பின் தெரிந்திருந்தால் எதையும் அழிக்காமலே பூட்டைத் திறந்திருக்கலாம் என்று ஆடிட்டர் அப்புறம் சொன்னார். பையனுக்கு அது தெரியவில்லை. ஏஜென்ட் முகத்தில் சலனமே இல்லை: "புதுசு எடுக்கோணுமுங்க, 3,000 ஆகும்."

கூத்து இதோடு முடியவில்லை. போன வருடம் கையெழுத்தான பிடிஎஃப்பைத் திறந்து, கையெழுத்தின் மேல் கிளிக் செய்து ஆடிட்டர் காட்டினார்: ஒரு வருடச் சான்றிதழ். அடுத்த மாதமே தானாகச் செத்திருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பத்தில் இருந்த மெயில் ஏஜென்டுடையது.

வேறு ஆளிடம் என் மெயில், என் மொபைல் கொடுத்து, வீடியோ சரிபார்ப்பும் முடித்துப் புதிதாக எடுத்தேன். நடுவில் தீபாவளி லீவு. 9 நாள் தாமதம், நாளுக்கு 100 ரூபாய் வீதம் 900 தண்டம். பழைய ஏஜென்ட் போனையே எடுப்பதில்லை.

டோக்கன் கைக்கு வந்ததும் பின்னை நீங்களே மாற்றுங்கள். அதன் மென்பொருளில் சான்றிதழ் முடியும் தேதியையும் பாருங்கள். 3 வருடத்துக்கு மேல் கிடையவே கிடையாது. ஐந்து வருடம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தவர்கள் ஏஜென்டுக்கு இப்போதே போன் போட்டு டோக்கன் எங்கே என்று கேளுங்கள். "இங்கதான் பத்திரமா இருக்குதுங்க" என்று பதில் வந்தால் உடனே வண்டியை எடுங்கள்.