டெஸ்ட் ஆட்டமா, நேரடித் தரமிறக்கமா?

1893 முதல் 1898 வரை இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் முதல் டிவிஷனில் கடைசியில் வந்த அணிக்கும் டெஸ்ட் ஆட்டம் என்ற மறுவாய்ப்பு இருந்தது: இரண்டாம் டிவிஷனில் முன்னணியில் வந்த அணியோடு மோதி, முதல் டிவிஷன் இடத்தைக் காத்துக்கொள்ளலாம். 1893இல் 16ஆம் இடத்தில் முடித்த நியூட்டன் ஹீத், இரண்டாம் டிவிஷனை வென்ற ஸ்மால் ஹீத்தோடு 1-1 சமன் செய்து, மறுஆட்டத்தில் 5-2 என வென்று தப்பியது. ஒரு பருவம் முழுக்க உழைத்த சாம்பியனுக்கு இது பெரிய அநீதி. 1896இல் டிவிஷனுக்கு இரண்டாக நான்கு அணிகள், ஆளுக்கு நான்கு ஆட்டங்கள் என்று மாற்றியதில் புதிய ஓட்டை விழுந்தது: 1898இல் கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தாலே ஸ்டோக், பர்ன்லி இரண்டும் முதல் டிவிஷனில் இடம்பெறும். முடிவு 0-0.

1898-99இல் வந்த நேரடி முறையில், டெஸ்ட் ஆட்டம் இல்லாமல், கடைசி இரு அணிகள் தாமாகவே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கின. முதலில் இறங்கியவை போல்டனும் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயும். பருவத் தொடக்கத்தில், செப்டம்பரில் இழந்த புள்ளியும் பருவ முடிவில், ஏப்ரலில் கணக்கில் வரும் என்பதால் இதுவே நேர்மையானது.